சர்க்கரை இறங்கும்போது எதைக் கொடுப்பது: டைப் 1 வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

மகளுக்கு எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் (உடலே இன்சுலின் சுரக்காததால் வெளியிலிருந்து போட வேண்டிய வகை) என்று தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நான்காம் இரவு, இரத்தச் சர்க்கரையை அளக்கும் மீட்டர் 58 காட்டியது; அது மிகக் குறைவு. கைக்கு எட்டிய சாக்லேட்டைக் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்து 55. இன்னும் இரண்டு துண்டு கொடுத்தேன். அசையவில்லை. பயத்தில் பழச்சாறு, பிஸ்கட், தேன் என்று அடுத்தடுத்து ஊட்டினேன். இரண்டு மணி நேரத்தில் 340. விடியும்வரை இருவரும் தூங்கவில்லை.

அன்று நான் கொடுத்தது எல்லாமே இனிப்புதான். ஆனால் எது எவ்வளவு வேகத்தில் இரத்தத்தில் சேரும், எத்தனை கிராம் போதும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்ற மூன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சர்க்கரை இறங்கிய நேரத்தில் நோயாளிக்கும் யோசிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் கை நடுங்கும். ஆகவே உணவை நல்ல நாளில், நிதானமாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அளந்து, பொட்டலம் கட்டி வைத்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் வேறு எண்ணோ அளவோ சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்குக் கணக்கு.

குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் இரத்தத்தில் இருப்பதைச் ‘சர்க்கரை’ என்றும், டப்பாவில் இருப்பதைச் ‘சீனி’ என்றும் எழுதுகிறேன்.

1. எந்த எண்ணில் கை நீட்ட வேண்டும்

70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் ‘லோ’, அதாவது இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்ட நிலை. உங்கள் மீட்டர் மில்லிமோல் என்ற இன்னொரு அலகில் காட்டினால் 3.9. 54-க்கு (3.0) கீழே போனால் மூளைக்கே குளூக்கோஸ் போதவில்லை என்று பொருள், அப்போது ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. எண் எதுவாக இருந்தாலும், தானாகச் சாப்பிட முடியாமல் அடுத்தவர் உதவி தேவைப்பட்டாலே அது கடுமையான லோ.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். குழந்தை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டாலும் சந்தேகப்படுங்கள். பல வருடம் நோயோடு இருந்தவர்களுக்கும், அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் இந்த அறிகுறிகள் மங்கிப்போகும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் (பீட்டா பிளாக்கர்) நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும்.

மீட்டர் பக்கத்தில் இல்லையா? சோதிக்க ஓடாதீர்கள். அறிகுறி இருந்தால் முதலில் குளூக்கோஸ், பிறகு மீட்டர்.

2. எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்

பெரியவர்களுக்குப் பொதுவான விதி 15-15: வேகமாகச் சேரும் கார்போஹைட்ரேட் 15 கிராம், பிறகு 15 நிமிடக் காத்திருப்பு, மறு சோதனை. 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம்.

குழந்தைகளுக்கு இந்த 15 பெரும்பாலும் அதிகம். உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளூக்கோஸ் என்பதுதான் குழந்தை மருத்துவத்தில் பயன்படும் அளவு. 10 கிலோ குழந்தைக்கு 3 கிராம், 20 கிலோவுக்கு 6, 30 கிலோவுக்கு 9. ஐம்பது கிலோ ஆனால்தான் 15 வரும். நான் அந்த இரவு கொடுத்ததைப் பிறகு கூட்டிப் பார்த்தேன்; 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 7 அல்லது 8 கிராம் போதுமாக இருந்திருக்கும், நான் 60 கிராமுக்கு மேல் கொடுத்திருந்தேன்.

தானாக இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் குறைவாகவே தேவைப்படும். சர்க்கரை சரியத் தொடங்கியதுமே பம்ப் இன்சுலினை நிறுத்தியிருக்கும் என்பதால் பெரியவர்களுக்கும் பல நேரம் 5 முதல் 10 கிராம் போதும். மாறாக, அரை மணி நேரத்துக்கு முன்புதான் சாப்பாட்டு இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாடு பாதியில் நின்றுவிட்டது என்றால் 15 கிராம் பற்றாது. சாப்பாட்டுக்குப் போடும் இந்த வேக இன்சுலின் உடலில் சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும், முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதன் வலு அதிகம். எவ்வளவு கிராம் என்று முடிவு செய்யும் முன் ‘கடைசி ஊசி எப்போது’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை ஏற ஏற இந்த எண் மாறும். பிள்ளை வளர்கிற வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுவரில் ஒட்டிய தாளை மாற்றுங்கள்.

3. உணவைத் தேர்ந்தெடுக்கும் இடம் இது, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

வாயில் போட்ட இனிப்பு நாக்கிலிருந்தே இரத்தத்துக்குப் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். வாய்ச் சவ்வு வழியாகப் போவது மிகச் சொற்பம். அது வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால்தான் பலன். ஆகவே வயிற்றில் தங்காத, செரிக்க வேலை வைக்காத பொருளே நமக்கு வேண்டும்.

குளூக்கோஸுக்கு (டெக்ஸ்ட்ரோஸ் என்றும் லேபிளில் வரும்) செரிமானமே தேவையில்லை. அப்படியே உள்ளே போகும். சீனி அப்படியல்ல. அதில் பாதி குளூக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸ் நேரே கல்லீரலுக்குப் போய்விடும், இரத்தச் சர்க்கரையை உடனே உயர்த்தாது. பழச்சாற்றிலும் தேனிலும் ஃப்ரக்டோஸ் பங்கு கணிசம். அதனால் அவை வேலை செய்யாது என்று பொருளில்லை, அதே 15 கிராம் குளூக்கோஸைவிடச் சற்று மெதுவாக ஏற்றும், அவ்வளவே.

இதை வைத்து நான் போட்ட வரிசை இது:

முதலிடம் குளூக்கோஸ் மாத்திரைக்கு. ஒன்றில் பெரும்பாலும் 4 கிராம் இருக்கும், வேறு அளவிலும் வருகின்றன. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 4 கிராம் மாத்திரை என்றால் பெரியவருக்கு நான்கு. மென்று விழுங்கி ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். சப்பிக்கொண்டே இருந்தால் நேரம் போகும். எண்ணிக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய பலம். இன்னொரு பலம், சுவை அவ்வளவாக ஈர்க்காது. சுவையான மிட்டாயை ‘லோ டப்பா’வில் வைத்தால் வீட்டில் யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்கள், தேவைப்படும் இரவில் டப்பா காலியாக இருக்கும்.

அடுத்தது குளூக்கோஸ் பொடி. மாத்திரையைவிட மிக மலிவு. சமையலறைத் தராசில் 10 அல்லது 15 கிராம் நிறுத்து, சின்னச் சின்ன உறைகளில் போட்டு, மேலே கிராமை எழுதி ஒட்டிவிடுங்கள். அரை தம்ளர் தண்ணீரில் கலக்கினால் தயார். ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும், காற்றுப் புகாத டப்பா அவசியம். பிதுக்கிக் குடிக்கும் குளூக்கோஸ் ஜெல்லும் இதே வேலையைச் செய்யும். மென்று தின்னச் சோம்பும் பிள்ளைக்கு இரவில் வசதி. ஆனால் விலை கூடுதல்.

இவை கிடைக்காத இடத்தில் சீனி. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம்; பெரியவருக்கு நான்கு ஸ்பூன், தண்ணீரில் கரைத்து. குவித்து அள்ளினால் கணக்குத் தப்பும். உலகத்தில் எந்தச் சமையலறையிலும் சீனி இருக்கும் என்பதால் இந்த நான்கு ஸ்பூன் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பழச்சாறும் சாதாரணக் குளிர்பானமும் 150 மில்லி அளவில் ஏறக்குறைய 15 கிராம் தரும். சாறு சதை, நார் இல்லாமல் தெளிவாக இருப்பது நல்லது. சிறிய அட்டைப் பெட்டியில் வருவதை வாங்கினால் அளக்க வேண்டாம். பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றும்போது பதற்றத்தில் எல்லாரும் தம்ளரை நிரப்பிவிடுகிறார்கள், அது 25 கிராமைத் தாண்டும். சிறுநீரகப் பாதிப்பு இருந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் ஆரஞ்சுச் சாறு வேண்டாம், மாத்திரையே மேல்.

தேன் ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 17 கிராம். ஒட்டும், சிந்தும், அளப்பது சிரமம், நான் பயன்படுத்துவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு.

அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குச் சீனி வேலை செய்யத் தாமதமாகும், அது உடைபடுவதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்களுக்குத் தூய குளூக்கோஸ் மட்டுமே.

4. இனிப்பாக இருந்தும் உதவாதவை

சாக்லேட், ஐஸ்கிரீம், கேக், கிரீம் பிஸ்கட் இவற்றில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை ஏறும், ஆனால் தேவைப்படும்போது ஏறாது. நாம் பயந்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை கொடுத்த பிறகு எல்லாம் சேர்ந்து ஏறும். எங்கள் 340 அப்படி வந்ததுதான்.

ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் போன்றவை லோ சரியான பிறகு வரும் இரண்டாம் கட்டத்துக்கு நல்லவை, முதல் 15 நிமிடத்துக்கு அல்ல. பாலும் அப்படியே. கொட்டைப் பருப்புகள், முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவை இந்த நேரத்தில் எந்த உதவியும் செய்யாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘டயட்’, ‘ஜீரோ’, ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பானமும் மிட்டாயும். சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இவைதான் நிறைய இருக்கும், பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். செயற்கை இனிப்பில் ஏற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதை நிறுத்திவிட்டோம். உறவினர் வீட்டுக்குப் போனால், அவசரத்துக்கு எந்தப் பாட்டில் என்று போனதுமே காட்டிவிடுகிறேன்.

5. லேபிளை வருடத்துக்கு ஒரு முறை மறுபடி படியுங்கள்

பாக்கெட்டின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்க அட்டவணையில் ‘மொத்தக் கார்போஹைட்ரேட்’ வரியைப் பாருங்கள். எண் 100 மில்லிக்கா, ஒரு பரிமாறலுக்கா, முழு பாக்கெட்டுக்கா என்று கவனியுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

கூட்டுப்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் 2017-ல், லோவுக்காகப் பலரும் நம்பியிருந்த ஒரு குளூக்கோஸ் பானத்தில் 100 மில்லிக்கு 17 கிராமாக இருந்த கார்போஹைட்ரேட் 9 கிராமுக்கும் கீழே குறைக்கப்பட்டது. பெயர் அதேதான். பழைய கணக்கில் குடித்தவர்களுக்குப் பாதியே கிடைத்தது. உங்களுக்குப் பழகிய பானமானாலும் புதிதாக வாங்கும்போது எண்ணைப் பாருங்கள்.

6. கொடுத்த பிறகு பொறுப்பது

சொன்னால் சுலபம், செய்வதுதான் கடினம். உடல் பசி பசி என்று கத்தும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் தின்ன வைக்கும். இது பேராசையும் இல்லை, ஒழுக்கக் குறைவும் இல்லை, உடலின் அபாயமணி. அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

கைபேசியில் 15 நிமிட அலாரம் வையுங்கள். உட்காருங்கள். நடக்கவோ, படி ஏறவோ வேண்டாம். தசை அசைந்தால் குளூக்கோஸைச் செலவழிக்கும்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரை உடலில் அணிந்திருப்பவர்கள் கவனியுங்கள். அது அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. இரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கி இருக்கும். இரத்தத்தில் 85 ஆகிவிட்ட பிறகும் சென்சார் 60 காட்டி அம்புக்குறியைக் கீழே நீட்டிக்கொண்டிருக்கலாம். அதை நம்பி மறுபடி கொடுத்தால் அளவு மிஞ்சும். இரண்டாம் முறை கொடுக்கும் முன் விரலில் குத்திப் பாருங்கள். குத்தும் முன் கையைக் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம். விரலில் சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும், நாம் நிம்மதியாகிவிடுவோம், பிள்ளை இன்னும் லோவிலேயே இருக்கும். எங்களுக்கு இது ஒரு முறை நடந்தது.

எண் சரியான பிறகும் தலை தெளிய நேரம் ஆகும், முக்கால் மணி நேரம் வரைகூட. அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. தேர்வு எழுதும் பிள்ளைக்கும் இந்த இடைவெளி தேவை.

இரண்டு மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை என்றாலோ, வாந்தியால் எதுவும் உள்ளே தங்கவில்லை என்றாலோ மருத்துவ உதவியை உடனே அழையுங்கள்.

7. மறுபடி சரியாமல் பார்த்துக்கொள்வது

70-ஐத் தாண்டியதும் அடுத்த சாப்பாடு எப்போது என்று பாருங்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால் வழக்கம்போலச் சாப்பிட்டால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் ஒரு துண்டு ரொட்டியோ, இரண்டு மூன்று பிஸ்கட்டோ, ஒரு தம்ளர் பாலோ. எல்லா லோவுக்கும் இது தேவைப்படாது. பம்ப் பயன்படுத்துகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லோவுக்காகச் சாப்பிட்ட குளூக்கோஸுக்கு இன்சுலின் போடக் கூடாது. பம்பிலும் அதைச் சாப்பாடு என்று பதியக் கூடாது, பதிந்தால் அது இன்சுலினைத் தள்ளிவிடும். ஆனால் லோ சரியான பிறகு சாப்பிடும் முழுச் சாப்பாட்டுக்கு இன்சுலின் வேண்டும். பயத்தில் அதையும் விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு.

நாள் முழுக்க ஓடி விளையாடிய இரவு தனி எச்சரிக்கை: உடற்பயிற்சியின் தாக்கம் 24 மணி நேரம் வரை நீடிக்கும், நள்ளிரவில் சரியலாம். மது அருந்தும் பெரியவர்களுக்கும் அப்படியே. கல்லீரல் குளூக்கோஸ் வெளியிடுவதை மது தடுக்கும்.

8. விழுங்க முடியாத நிலையில் உணவே கூடாது

மயக்கம், வலிப்பு, அல்லது சொன்னதைச் செய்ய முடியாத அளவு குழப்பம் என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாறோ தேனோ மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் கொடுத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். ஊசி வகை பெரியவர்களுக்கு 1 மி.கி., சிறு குழந்தைகளுக்குப் பாதி. மூக்கில் செலுத்தும் வகை 3 மி.கி., அதை உறிஞ்ச வேண்டிய அவசியமில்லை, மயக்கத்திலும் வேலை செய்யும். கொடுத்த பிறகு வாந்தி வரலாம், அதனால்தான் ஒருக்களித்த நிலை.

பொடியும் திரவமும் கலக்க வேண்டிய பழைய வகைப் பெட்டி உங்களிடம் இருந்தால், காலாவதியான ஒன்றை வைத்து வீட்டில் எல்லாரும் கலக்கிப் பழகுங்கள். நாங்கள் முதல் முறை பழகியபோது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

9. செலவு, இடம், காகிதங்கள்

எல்லா இடத்திலும் மாத்திரை வைத்தால் செலவு தாங்காது. நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி: வெளியே போகும் பைகளில் மாத்திரை, வீட்டில் நிறுத்து வைத்த பொடி, படுக்கையருகே சிறிய சாற்றுப் பெட்டி. குளுக்ககான் விலை அதிகம், காலாவதியும் ஆகும். காப்பீடு இருந்தால் அது ஈடுகட்டுமா என்று கேளுங்கள், மருந்துச் சீட்டில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள், சில நேரம் வரவழைக்க நாளாகும்.

வெயிலில் நிற்கும் வாகனத்தில் ஜெல்லும் சாறும் கெடும், மாத்திரை தாங்கும்.

மருத்துவரிடம் ஒரே சந்திப்பில் மூன்று தாள் கேட்டு வாங்குங்கள். முதலாவது பள்ளிக்கு: எந்த எண்ணில், என்ன, எத்தனை கிராம், எத்தனை நிமிடத்தில் மறு சோதனை, எப்போது பெற்றோரை அழைப்பது, எப்போது ஆம்புலன்ஸ். ‘லோ ஆன குழந்தையைத் தனியே எங்கும் அனுப்பக் கூடாது’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். எங்கள் மகளை ஒரு முறை தனியாகவே மருத்துவ அறைக்கு அனுப்பினார்கள், பாதிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தேர்வு அறைக்கு: மீட்டர், மாத்திரை, தண்ணீர், கூடுதல் நேரம். அனுமதிக்குப் பல வாரம் ஆகலாம், தேர்வு அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பியுங்கள். மூன்றாவது விமானப் பயணத்துக்கு. பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது. மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு, ஆனால் கடிதத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். மாத்திரைக்கு இந்தத் தொல்லையே இல்லை. இன்சுலினும் மாத்திரையும் கைப்பையிலேயே இருக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் போடாதீர்கள்.

10. லோ முடிந்ததும் செய்ய வேண்டிய இரண்டு காரியம்

நேரம், எண், கொடுத்த பொருள், கிராம், மறு சோதனை எண் இவற்றை ஒரே வரியில் எழுதிவையுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும், உங்கள் பிள்ளைக்கு எத்தனை கிராம் எவ்வளவு ஏற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எங்கள் நோட்டில் 8 கிராம் மாத்திரை ஏறக்குறைய 55 புள்ளி ஏற்றுகிறது. ஒரே நேரத்தில் லோ திரும்பத் திரும்ப வந்தால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள், இன்சுலின் அளவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, எடுத்த மாத்திரைகளின் இடத்தில் புதியதை அன்றிரவே வைத்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பள்ளிப் பேருந்து வந்துவிடும், பை காலியாகவே போகும்.